கொம்பும் காலும் பிரிந்த காலம்

தென்சென்னையின் கணினிக் கதை – பகுதி 14

சென்ற பகுதியில் இணையம் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது வரை பார்த்தோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் சத்யம் இன்ஃபோவே முதல் ஆளாகக் களத்தில் இறங்கியது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலும், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலையோரங்களிலும் பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டர்கள் வரிசையாக முளைத்தன. அந்தத் திரைகளில் தமிழ் எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தப் பகுதி.

நன்றாகத் தெரியவில்லை. அன்றைய சென்டர்களில் இருந்தவை பெரும்பாலும் விண்டோஸ் 98 கணினிகள். அவற்றில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அல்லது 5.5 இருக்கும். இனி அதைச் சுருக்கமாக ஐ.இ. என்போம். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் முழுக்க இறைந்து கிடக்கும். அல்லது வரிசை வரிசையாகச் சதுரக் கட்டங்கள் வரும். அல்லது தமிழ் எழுத்துகளே வந்து, கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறிக் கிடக்கும். இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. வாசகருக்கு மட்டும் மூன்றும் ஒன்றுதான்: "தமிழ் வரல."

முதல் நோய் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியது. அதன் தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது அந்தப் பக்கத்தைத்தான். அப்போது பிரவுசருக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே தெரியாது. ஆகவே எல்லாரும் ஒரே வழியைப் பிடித்தார்கள்: ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து ஓர் எழுத்துரு செய்வது. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அந்த எண்களுக்கு உரிய ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். பிரவுசரைப் பொறுத்தவரை அது ஏதோ ஓர் ஐரோப்பிய மொழிப் பக்கம், அவ்வளவே.

எந்த எண்ணில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள். நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. ஓர் இதழைப் படிக்க இறக்கிய எழுத்துரு அடுத்த இதழுக்கு உதவாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் அதில் முன்னின்றார்கள். 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டேப், டேம் என்ற வேறு இரண்டு குறியீடுகளைப் பரிந்துரைக்க, தமிழக அரசு அவற்றை ஏற்றது. குழப்பத்தைத் தீர்க்கக் கூடிய இரண்டு முயற்சிகள் மேலும் மூன்று குறியீடுகளைக் கொடுத்தன. ஆனாலும் அந்த முயற்சிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவை இல்லாவிட்டால் இருபது வேறு எழுத்துருக்களில் சிதறியிருக்கும் உரை, குறைந்தபட்சம் மூன்று நான்கு குடும்பங்களுக்குள் அடங்கியது.

டிஸ்கி பக்கத்தை ஐ.இ.-யில் படிக்க ஒரு சடங்கு உண்டு. எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். பிறகு வியூ மெனுவில் என்கோடிங் பட்டியலைத் திறந்து, கடைசியில் கிடக்கும் 'யூசர் டிஃபைன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அமைப்புகளுக்குள் போய் அந்தப் பிரிவுக்கு டிஸ்கி எழுத்துருவைக் காட்ட வேண்டும். அன்றைய மற்றொரு பெரும் பிரவுசரான நெட்ஸ்கேப்பிலும் ஏறக்குறைய இதே வழிதான். வீட்டில் சொந்தக் கணினி வைத்திருந்தவர் ஒருமுறை செய்தால் போதும். சென்டர்க் கணினியில் நிலைமை வேறு. அடுத்தவர் வந்து மாற்றிவிடுவார். அல்லது இரவோடு இரவாகக் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருளைச் சென்டர்க்காரர் போட்டிருப்பார். நேற்று நிறுவிய எழுத்துரு இன்று இருக்காது.

சடங்கை முறையாக முடித்தவருக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. இது அந்தக் காலத்தின் விசித்திரமான பிழைகளில் ஒன்று என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டிஸ்கியில் 'இ' என்ற எழுத்து 173-ஆம் எண்ணில் இருந்தது. ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் அதே எண் ஒரு சிறப்புக் குறிக்கு உரியது. வரி முடியும் இடத்தில் ஒரு சொல்லை உடைக்க வேண்டியிருந்தால் மட்டும் சிறு கோடாகத் தோன்றி, மற்ற நேரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய குறி அது. சில பிரவுசர்களும் பக்கம் எழுதும் மென்பொருள்களும் இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தன. விளைவு, 'இ' மறைந்துபோனது. 'இங்கே' என்று எழுதினால் 'ங்கே' என்று தெரியும். 'இலக்கியம்' 'லக்கியம்' ஆகும். வேறு எழுத்து எதற்கும் ஆபத்தில்லை, 'இ' மட்டும் காணாமல் போகும். எழுதியவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்துவார், அவர் திரையில் சரியாக இருக்கும், வாசகர் திரையில் மீண்டும் காணாமல் போகும். கடைசியில் டிஸ்கி 1.7 பதிப்பில் 254-ஆம் எண்ணிலும் ஓர் 'இ' வைத்தார்கள். பிரவுசரைத் திருத்த முடியாதபோது எழுத்தையே இடம் மாற்றினார்கள்.

எழுத்துருவை இறக்கி நிறுவும் தொல்லையைப் போக்க வந்ததுதான் டைனமிக் எழுத்துரு. பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் வந்து இறங்கிவிடும். வாசகர் எதையும் செய்ய வேண்டியதில்லை. 1997-இல் வந்த இரு பெரும் பிரவுசர்களும் இதை அனுமதித்தன, ஆனால் ஆளுக்கொரு விதமாக. நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பி.எஃப்.ஆர். கோப்பைக் கேட்டது. ஐ.இ.4 மைக்ரோசாஃப்டின் ஈ.ஓ.டி. கோப்பைக் கேட்டது. ஒரு பக்கம் இரண்டிலும் தெரிய வேண்டுமானால் இரண்டு கோப்புகளையும் செய்து இணைக்க வேண்டும். ஈ.ஓ.டி. கோப்பு எந்த இணைய முகவரிக்காகச் செய்யப்பட்டதோ அங்கே மட்டும் வேலை செய்யும்படி பூட்டலாம். பக்கத்தை வேறு முகவரிக்கு நகர்த்தினால் தமிழ் போய்விடும். நெட்ஸ்கேப் மெல்ல மறைய, ஈ.ஓ.டி. மட்டும் எஞ்சியது. தமிழ் இதழ்கள் பலவும் அதையே நம்பின. "ஐ.இ. 5-உம் அதற்கு மேலும், 800க்கு 600 திரையில் காண்க" என்ற வரி பல பக்கங்களின் அடியில் நிலையாகக் குடியேறியது.

வாசகருக்கு இது பெரும் நிம்மதி என்பதில் ஐயமில்லை. சண்முகம் சாலைச் சென்டரில் உட்கார்ந்தவர் தொடரைத் தடையில்லாமல் படித்தார். ஆனால் பக்கத்துக்குள் இருந்த உரை இன்னும் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே இருந்தது. நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் குப்பையாக வரும். தேடுபொறியில் தமிழில் தேடினால் கிடைக்காது. திரை சரியாகிவிட்டதால், உரை சரியில்லை என்பது பல ஆண்டுகள் யாருக்கும் உறைக்கவில்லை. யூனிக்கோடுக்கு மாறத் தமிழ் இதழ்கள் எடுத்துக்கொண்ட தாமதத்தில் டைனமிக் எழுத்துருவுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

யூனிக்கோடு ஒன்றும் புதிதல்ல. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்த ஒதுக்கீடு அது. அதில் எழுத்து ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படும். 'கெ' என்றால் முதலில் க, பிறகு ஒற்றைக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் க-வும் ஒரே ஒரு குறியும் சேமிக்கப்படும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து முன்னே கொம்பாகவும் பின்னே காலாகவும் நிற்க வேண்டும். கு, சு, து, மு என்று உகரம் மெய்க்கு மெய் வடிவம் மாறும். இந்த வேலையை யாராவது செய்ய வேண்டும். எழுத்துரு மட்டும் போதாது. எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் ஒரு நிரல் தேவை. விண்டோஸில் அதன் பெயர் யுனிஸ்கிரைப். 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 தான் தமிழை இப்படிக் கோக்கத் தெரிந்த முதல் விண்டோஸ். லதா என்ற எழுத்துருவும் அதனுடன் வந்தது.

கோக்கும் நிரல் இல்லாத கணினியில் யூனிக்கோடு தமிழைத் திறந்தால் சேமித்த வரிசையிலேயே வரையும். 'பெரிய' என்ற சொல்லில் ப-வுக்குப் பின்னால் வந்து விழும் கொம்பு அடுத்த எழுத்தான 'ரி'யோடு ஒட்டிக்கொண்டது போல் தெரியும். ஒரு வரியில் நாலைந்து இடத்தில் இப்படி ஆனால் படிப்பவர் விட்டுவிடுவார். நோய் மூன்று என்றேனே, அவற்றில் கடைசி இதுதான். சதுரக் கட்டங்கள் வந்தால் எழுத்துருவே இல்லை என்று பொருள். சிதறல் வந்தால் எழுத்துரு இருக்கிறது, கோக்க ஆளில்லை என்று பொருள்.

2001 இறுதியில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இரண்டும் உண்டு. ஆனால் தாமாக நிறுவப்படாது. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குள் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். செய்ததும் கணினி விண்டோஸ் சிடியைக் கேட்கும். அந்த நாளில் சிடியோடு கணினி வாங்கியவர்கள் எத்தனை பேர்? கடைக்காரர் நிறுவிக் கொடுத்துவிட்டு சிடியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தமிழ்நாட்டில் விற்ற கணினியில் தமிழ் தெரிவதற்கு, வீட்டில் இல்லாத ஒரு வட்டு தேவைப்பட்டது. பின்னாளில் நியூ ஹொரைஸன் மீடியா நிறுவனம் சிடி இல்லாமலே இந்த வேலையை முடித்துத் தரும் ஒரு சிறு கருவியை இலவசமாகக் கொடுத்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் வீணாகிவிட்டன.

அந்த இடைவெளியில் ஒருவர் செய்த வேலையை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்துக்காரர் உமர் தம்பி. வளைகுடாவில் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். அவர் தேனீ என்ற யூனிக்கோடு எழுத்துருவை உருவாக்கி, அதையே ஈ.ஓ.டி. கோப்பாகவும் செய்து எல்லாருக்கும் கொடுத்தார். ஐ.இ.5.5-உம் அதற்குப் பிந்தையவையும் யுனிஸ்கிரைப்பைத் தாமே கூப்பிடத் தெரிந்தவை. அவற்றுக்குக் குறைந்தது எழுத்துரு மட்டுமே. தேனீயைப் பக்கத்தோடு அனுப்பிவிட்டால் விண்டோஸ் 98-இல்கூட யூனிக்கோடு தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. டிக் செய்ய வேண்டியதில்லை, சிடியும் வேண்டியதில்லை. 2006 ஜூலையில் அவர் மறைந்தார். யூனிக்கோடில் தமிழ்ப் பக்கங்கள் வேகமாகப் பெருகத் தொடங்கியிருந்த நேரம் அது.

ஈ.ஓ.டி. என்ற அதே ஒட்டுவேலையைத்தான் இதழ்களும் செய்தன, உமரும் செய்தார். இதழ்கள் அதற்குள் வைத்தது தங்கள் சொந்தக் குறியீடு. உமர் வைத்தது யூனிக்கோடு. இந்த வேறுபாடு என்ன செய்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. ஐ.இ.6-இன் பாதுகாப்பு ஓட்டைகளால் நொந்துபோனவர்கள் அதற்கு ஓடினார்கள். ஓடிய தமிழர்களை ஒரு புதிய சிதறல் எதிர்கொண்டது. டிக் செய்தாயிற்று, லதா இருக்கிறது, பல பக்கங்கள் நன்றாகத் தெரிகின்றன. சில பக்கங்களில் மட்டும் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன. அதே பக்கம் ஐ.இ.-யில் சரியாக வருகிறது. காரணம் ஜஸ்டிஃபை. அச்சுப் புத்தகத்தில் போல இரு ஓரங்களும் சீராக நிற்க வேண்டும் என்று பக்கம் எழுதியவர் கட்டளை கொடுத்திருப்பார். வரியை இழுத்து நீட்ட, அன்றைய ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வோர் எழுத்துக்கும் இடத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டு வரைந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்த எழுத்துகளை யுனிஸ்கிரைப்பால் கோக்க முடியவில்லை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் கட்டளைக்கும் இதே கதிதான்.

இது தெரிந்ததும் தமிழில் எழுதுபவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள்: ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள், ஃபயர்ஃபாக்ஸில் படிக்க முடியவில்லை. சிலர் எடுத்தார்கள். சிலர் அழகு கெடும் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களின் பக்கங்களைப் படிக்க, பக்கம் இறங்கியவுடன் அந்தக் கட்டளையை அழித்துவிடும் சிறு நிரல்களை வாசகர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். தமிழ் வலையில் இடது ஓரம் மட்டும் சீராகவும் வலது ஓரம் மேடு பள்ளமாகவும் இருக்கும் பழக்கம் பரவியதில் இந்தப் பிழைக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். 2008 ஜூன் 17-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-இல் எழுத்து வரையும் பகுதியையே புதிதாக எழுதியிருந்தார்கள். சிதறல் நின்றது.

லினக்ஸில் கோக்கும் வேலையைப் பாங்கோ என்ற நிரல் தொகுப்பு செய்தது. ஃபயர்ஃபாக்ஸ் அதைப் பயன்படுத்த வேண்டுமானால், சில பதிப்புகளில் ஒரு சூழல் மாறியை 1 என்று வைத்துப் பிரவுசரைத் தொடங்க வேண்டும். நம் பகுதியில் லினக்ஸுக்கு ஒரு மையமே இருந்தது. குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள், கே.பி. சந்திரசேகர் பெயரைத் தாங்கிய ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் 1999 முதல் இயங்கியது. 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் அங்கும் சென்னை சி-டாக்கிலும் அமைந்தது. பாஸ் லினக்ஸ் அந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான். அதே எம்.ஐ.டி.யில் படித்த எழுத்தாளர் சுஜாதா, 'அம்பலம்' இணைய இதழின் ஆசிரியராக இருந்ததையும் சேர்த்துச் சொன்னால், தமிழைத் திரையில் நிறுத்தும் வேலையில் குரோம்பேட்டைக்கு உள்ள உறவு புரியும்.

எழுத்து ஒருவாறு நின்றது. அடுத்து பக்கத்தின் கட்டுமானம். இந்தச் சண்டை தமிழுக்கு மட்டும் உரியதல்ல, உலகம் முழுக்க நடந்தது. ஒரு பெட்டிக்கு 300 பிக்சல் அகலம், இரு புறமும் 20 பிக்சல் உள்விளிம்பு என்று எழுதினால், டபிள்யூ3சி தரத்தின்படி பெட்டி 340 பிக்சல் இடம் எடுக்க வேண்டும். ஐ.இ.5 உள்விளிம்பையும் 300-க்குள் அடக்கிவிடும். 2001-இல் வந்த ஐ.இ.6 இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டது. பக்கத்தின் முதல் வரியில் முறையான டாக்டைப் அறிவிப்பு இருந்தால் தரக் கணக்கு, இல்லாவிட்டால் பழைய கணக்கு. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்ரயில், அகல ரயில் வந்த பிறகும் பக்கத்துத் தண்டவாளத்தில் 2004 வரை ஓடிக்கொண்டிருந்ததே, அது போலத்தான். பழைய பக்கங்கள் ஓட வேண்டும், புதியவையும் ஓட வேண்டும். எந்தத் தண்டவாளம் என்பதை முதல் வரி தீர்மானித்தது.

ஐ.இ.6-இல் மிதக்கும் பெட்டிக்குக் கொடுத்த ஓர விளிம்பு சில இடங்களில் இரட்டிப்பாகும். சில வரிகள் மறைந்துபோய், பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் திரும்பி வரும். ஒளி ஊடுருவும் பி.என்.ஜி. படத்தின் பின்னணி சாம்பல் நிறமாகிவிடும். இவற்றுக்கான மருந்துகள் அன்றைய வடிவமைப்பாளர்களுக்கு மனப்பாடம். பெட்டிக்கு ஜூம் 1 என்று ஒரு கட்டளை. ஐ.இ.-க்கு மட்டும் புரியும் நட்சத்திரக் குறி வரி. மற்ற பிரவுசர்கள் வெறும் குறிப்பு என்று தாண்டிப்போக, ஐ.இ. மட்டும் திறந்து படிக்கும் கண்டிஷனல் கமென்ட். 1984-இல் தொடங்கிய தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்திலும், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக வலைப்பக்க வேலை செய்தவர்களிடம் ஐ.இ.6 என்று சொன்னால் இன்றும் முகம் மாறும். பக்கம் எல்லா பிரவுசரிலும் வந்துவிடும், கடைசி இரண்டு நாள் ஐ.இ.6-க்கு என்று ஒதுக்கி வைப்பார்கள்.

இந்தப் பொதுப் பிழைகளில் சில தமிழ்ப் பக்கங்களில் கூடுதலாகக் கடித்தன. தமிழ்ச் சொல் நீளம். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான என்ற ஒரு சொல்லைப் பக்கப் பட்டிக்குள் வைத்துப் பாருங்கள். 180 பிக்சல் அகலம் என்று கட்டளை எழுதியிருந்தாலும், உள்ளே உள்ள சொல் அதைவிட நீளமாக இருந்தால் ஐ.இ.6 பெட்டியையே அகலப்படுத்தும். அகலமான பெட்டிக்கு அந்த வரிசையில் இடமிருக்காது. பட்டி முழுவதும் பக்கத்தின் அடிக்குப் போய்விடும். நேற்று வரை சரியாக இருந்த பக்கம், ஒரு நீளமான தலைப்பு சேர்ந்ததும் உடைந்து நிற்கும். எழுதியவர் வடிவமைப்புக் கோப்பில் பிழையைத் தேடுவார். பிழை ஒரு சொல்லின் நீளத்தில் இருக்கும். சொல்லை உடைக்க அனுமதிக்கும் கட்டளையைக் கொடுத்தோ, மிஞ்சியதை மறைக்கச் சொல்லியோதான் சமாளித்தார்கள்.

உயரத்தில் இதன் மறுபக்கம். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவில் 'ஹோம்' என்ற பொத்தானுக்கு 20 பிக்சல் உயரம் போதும். அங்கே 'முகப்பு' என்று வைத்தால் உகரம் கீழே இறங்கும், பக்கத்தில் 'செய்தி'யின் இகரம் மேலே ஏறும். ஐ.இ.6 அந்தப் பெட்டியையும் தானாகவே வளர்த்துக்கொள்ளும். ஐ.இ.-யில் மட்டும் பார்த்துச் செய்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் சொன்னபடி 20 பிக்சலில் நிற்கும், எழுத்து அடுத்த வரியின் மேல் ஏறி விழும். இங்கே ஃபயர்ஃபாக்ஸ் செய்ததே சரி. குறைந்தபட்ச உயரம் என்று எழுதியிருக்க வேண்டும், ஆனால் அந்தக் கட்டளை ஐ.இ.6-க்குத் தெரியாது. எனவே மற்றவற்றுக்கு ஒரு வரி, ஐ.இ.6-க்கு நட்சத்திரத்தோடு ஒரு வரி. ஆங்கில வார்ப்புருவைத் தமிழாக்கிய ஒவ்வொருவரும் இந்த இரண்டு வரிகளைத் தாமே கண்டுபிடித்திருப்பார்கள்.

இதே காலத்தில் வேளச்சேரியில், பின்னாளில் ஸோஹோ என்று பெயர் மாறிய அட்வென்ட்நெட் நிறுவனம் 2005-இல் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டது. பிரவுசருக்குள்ளேயே கடிதம் எழுதித் திருத்தும் செயலி என்பதால், பிரவுசருக்குப் பிரவுசர் மாறும் நடத்தைகள் அனைத்தும் அதன் தலையில்தான் விழும். இந்த நிறுவனம் இந்தத் தொடரில் தனியாக வரும், இங்கே இவ்வளவு போதும்.

பிறகு கைபேசி வந்தது, எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. 2010 வாக்கில் கைக்கு வந்த சாதாரண போன்களிலும் ஆரம்பகால ஆண்ட்ராய்டுகளிலும் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. அப்போது வாய்மொழியாகப் பரவிய ஒரு தந்திரம் உண்டு. ஓப்பரா மினி என்ற கைபேசிப் பிரவுசரின் முகவரிப் பட்டையில் கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான வரிவடிவங்களைப் படமாகக் காட்டு என்ற வரிக்கு ஆம் என்று வைத்துச் சேமித்தால், அடுத்த நொடியில் தமிழ் வரும். ஓப்பராவின் கணினிகள் எங்கோ தொலைவில் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் படமாக்கி அனுப்பின. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் நின்றபடி தமிழ் படித்தவர்களில் பலருக்கும் முதல் வாசிப்பு இப்படிப் படமாகவே நிகழ்ந்திருக்கும். ஆண்ட்ராய்டு 4 பரவிய பிறகுதான் போனே தமிழைக் கோக்கக் கற்றது.

ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் காலப்போக்கில் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கட்டற்ற நிரலுக்கு மாறின. இன்று அதே நிரல் விண்டோஸ் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைக்கிறது. கூடுவாஞ்சேரிக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலை வளாகத்துக்குப் பெயர்ந்துவிட்ட ஸோஹோ, 2023-இல் உலா என்ற பிரவுசரை வெளியிட்டது. 2025 மார்ச்சில் இந்திய பிரவுசர் உருவாக்கப் போட்டியில் மத்திய அரசின் முதல் பரிசு அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதன் அடித்தளம் குரோமுக்கும் அடித்தளமான குரோமியம் என்பதால் அதிலும் தமிழைக் கோப்பது ஹார்ஃப்பஸ்தான். ஐ.இ.-க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று விடை கொடுத்தது.

ஐ.இ. போனதோடு ஈ.ஓ.டி.யும் போனது. இப்போது அந்த வேறுபாட்டுக்கு வருவோம். தேனீ எழுத்துருவை நம்பி எழுதிய பக்கங்களை இன்றைய பிரவுசரில் திறந்தால், பக்கம் அந்த எழுத்துருவைக் கேட்கிறது, கிடைக்கவில்லை, பிரவுசர் தன்னிடம் உள்ள வேறு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. உரை அப்படியே படிக்க முடிகிறது. சொந்தக் குறியீட்டை நம்பிய இதழ்ப் பக்கங்களில் எஞ்சியவை ஐரோப்பிய எழுத்துக் குவியல்கள். அந்தக் காலத்துச் சிறுகதைகளும் நேர்காணல்களும் ஊர்ச் செய்திகளும் அவற்றுக்குள் இருக்கின்றன. தேடுபொறி அவற்றைத் தமிழ் என்று அறியாது. அவற்றை வைத்திருப்பவர்களே பலமுறை சிதைந்த கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

அழிக்க வேண்டியதில்லை. மீட்பவர்கள் மீட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் டிஸ்கி நூல்களை யூனிக்கோடுக்கு மாற்றிக் கொடுத்தது. புலம்பெயர்ந்து ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன், பிரவுசருக்குள்ளேயே இயங்கும் மாற்றியை எழுதினார். ஃபயர்ஃபாக்ஸில் பத்மா என்ற நீட்சி, படிக்கும்போதே பழைய குறியீடுகளை யூனிக்கோடாக மாற்றிக் காட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் தன் நீட்சி முறையை மாற்றியபோது இத்தகைய பழைய நீட்சிகளின் காலம் முடிந்தது. மாற்றிகள் இன்னும் இருக்கின்றன.

பழைய கோப்பு கையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, எந்த எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயர் டிஎஸ்சி என்று தொடங்கினால் பெரும்பாலும் டிஸ்கி. டேப், டேம் என்று பெயரிலேயே இருந்தால் சிக்கலில்லை. இதழ் ஒன்றின் பெயர் இருந்தால் அந்த இதழுக்கென உள்ள மாற்றியைத் தேட வேண்டும். ஒரு பத்தியை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். ர-வும் காலும் குழம்பியிருக்கலாம், பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவம். மூலக் கோப்பைத் திருத்தாமல் ஒரு நகல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கி உரை என்றால் மாற்றிய பிறகு 'ங்கே', 'ருந்து', 'லக்கியம்' என்று தொடங்கும் சொற்கள் உண்டா என்று ஒருமுறை தேடுங்கள். கிடைத்தால், 173-ஆம் எண்ணில் இருந்த 'இ' எங்கோ வழியில் உதிர்ந்திருக்கிறது. எந்த மாற்றியாலும் அதைத் திருப்பித் தர முடியாது. உட்கார்ந்து படித்துக் கையால் சேர்க்க வேண்டும்.

(தொடரும்)